58-வது நிமிசம் ஒரு பையனை மாத்துனேன். ஊரே அவன் பேரை மாத்திருச்சு

நொய்யலோரம் (திருப்பூர் பக்கம்) – ஞாயிறு இரவு 10.20

வணக்கமுங்க. மனசு பொறுக்காம எழுதறேன், கொஞ்சம் நீளமாப் போகும்.

எங்க ஊர் ஃபுட்பால் டீமுக்கு நாந்தான் கோச்சு. சம்பளம் கிம்பளம் ஒண்ணுமில்லீங்க. பந்துக்குக் காத்தடிக்கறது, ஜெர்சிய எண்ணி வாங்கறது, தண்ணிக் கேன் தூக்கறது, யாரு ஆடறது யாரு உக்கார்றதுன்னு சொல்றது, அல்லாம் நானே. போன வாரம் பக்கத்தூர்ல நாக்அவுட் மேட்ச்சு. 1-1ல நிக்குது. 58-வது நிமிசம் எங்க ரைட் விங் (வலது ஓரமா முன்னால ஆடற) பையனை வெளிய கூப்பிட்டு வேற பையனை உள்ள உட்டேன். கடைசில 3-1னு தோத்துட்டோம்.

பையனுக்கு 20 வயசு. பனியன் கம்பெனியில பேட்லாக் தையல் மெசின் ஓட்டறான். ஷிப்மென்ட் நேரம், சனிக்கிழமை ராத்திரி முச்சூடும் வேலை. காலைல ஆறு மணிக்கு மெசினை உட்டு எந்திரிச்சு, ஒரு டீயும் ரெண்டு பன்னும் தின்னுட்டு நேரா கிரவுண்டுக்கு வந்துட்டான். கண்ணு ரெண்டும் பஞ்சுத் தூசில செவந்து கெடந்துச்சு. ஆஃப் டைம்ல என்ற காதுல வந்து, "அண்ணா, கெண்டைக்கால் புடிக்குது. பத்து நிமிசம் பாக்கறேன், முடியலைன்னா கையத் தூக்கறேன், எடுத்துருங்க. யாருகிட்டயும் சொல்லீறாதீங்க"ன்னான். தூங்காம ஆட வந்தான்னு அவங்கம்மாளுக்குத் தெரிஞ்சா அடுத்த வாரம் வாசப்படி தாண்ட உடமாட்டாங்க.

சொன்ன மாதிரியே கையத் தூக்குனான், எடுத்துட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

ஆனா மைக்ல என்ன சொன்னாங்க தெரியுமுங்களா? "பந்துகளைத் தொடர்ந்து தவறவிட்டுக்கொண்டிருந்த ஏழாம் எண் வீரர் வெளியேற்றப்படுகிறார்!" அவன் தவறவிட்டது ஒரே ஒரு பந்து. எங்க ஒத்தை கோலுக்கு ஓரத்துலருந்து பந்தை உள்ள தூக்கி கிராஸ் போட்டதும் அவந்தான். அதையெல்லாம் ஒருத்தரும் நெனைக்கல. இப்ப பேக்கரில உக்காந்து பேசறவங்க அவனுக்கு "அம்பத்தெட்டு"ன்னு பேரு வெச்சுட்டாங்க. "யேய், அம்பத்தெட்டு வர்றான் பாரு"ன்னு கூப்பிடறாங்க. பையன் தலையக் குனிஞ்சுட்டுப் போறான். எனக்குத்தான் வெசனமா இருக்குது.

---

சிறுவாணித்தண்ணி (கோவை) – ஞாயிறு இரவு 10.41

அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு அந்தப் பையன் சொன்னதைத்தான் இங்க பத்தி பத்தியா எழுதி வெச்சிருக்கீங்க 😄

---

நொய்யலோரம் – ஞாயிறு இரவு 10.46

ஊரு பேரு போடல, பையன் பேரு போடல, எந்த டோர்னமெண்ட்டுன்னும் போடல. திருப்பூர்ல பேட்லாக் ஓட்டற பசங்க எத்தனை ஆயிரம்னு நெனைக்கறீங்க? அவங்கம்மா இதையெல்லாம் படிக்க மாட்டாங்கங்கற நம்பிக்கைதான்.

---

ராத்திரிமேட்ச் (ஈரோடு) – ஞாயிறு இரவு 11.08

நீங்க 3-1னு ஜெயிச்சிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது. "கோச்சு என்னமா யோசிச்சு மாத்துனாரு"ன்னு அதே பேக்கரில பேசியிருப்பாங்க. ஜனங்க மாத்துனதைப் பாக்கறதே இல்ல, அதுக்கப்பறம் விழுந்த கோலைப் பாத்துட்டுப் பின்னாடி வந்து கதை கட்டறாங்க.

2006 உலகக் கோப்பை காலிறுதி, பெர்லின், அர்ஜென்டினா - ஜெர்மனி. அர்ஜென்டினா 1-0 முன்னால. கோல்கீப்பருக்கு அடிபட்டு ஒரு மாத்து போயிருச்சு. அடுத்து அர்ஜென்டினா கோச்சு பெக்கர்மேன் ரிக்கெல்மேவை எடுத்துட்டு கம்பியாசோவை உள்ள உடறாரு. அப்பறம் க்ரெஸ்போவுக்குப் பதிலா க்ரூஸ். அப்ப மேட்ச்சுக்கு மூணு மாத்துதான், மூணும் தீந்துச்சு. 80-வது நிமிசம் ஜெர்மனிக்காரன் க்ளோசே தலையால முட்டி சமன் பண்ணிட்டான், பெனால்டில அர்ஜென்டினா ஊட்டுக்குப் போயிருச்சு. பெஞ்சுல உக்காந்துட்டு இருந்தவன் 19 வயசு மெஸ்ஸி.

இன்னைக்கு வரைக்கும் "ரிக்கெல்மேவை எடுத்தான், மெஸ்ஸிய எறக்கல"ன்னு பெக்கர்மேனைத் திட்டறாங்க. க்ளோசே முட்டுன பந்து கம்பத்துல பட்டு வெளிய போயிருந்தா? லீடைக் காப்பாத்தத் தெரிஞ்ச கோச்சுன்னு அதே ஆளைப் புகழ்ந்திருப்பாங்க. இன்னொரு வேடிக்கை என்னன்னா, ரிக்கெல்மே மதிப்பு அன்னைக்கு வெளிய வந்ததாலயே ஏறிப்போச்சு. உள்ள இருந்து தோத்திருந்தா "மெதுவா ஆடறான்"னுதான் சொல்லியிருப்பாங்க.

---

பழையபந்து (போத்தனூர்) – திங்கள் காலை 6.15

தம்பி சொன்னதோட இன்னொண்ணு சேத்துக்கறேன். பின்னாடி கதை கட்டறதோட நிக்காதுங்க, நடந்த வரிசையையே மாத்திப்புடுவாங்க.

1970, மெக்சிகோ. உலகக் கோப்பையில ஆளு மாத்தறதுக்கு முதமுதலா அனுமதிச்ச வருசம் அதுதான், மேட்ச்சுக்கு ரெண்டே ரெண்டு பேரு. காலிறுதில மேற்கு ஜெர்மனிய 2-0ன்னு இங்கிலாந்து அமுத்தி வெச்சிருக்குது. கடைசில 3-2ன்னு தோத்துது. ஏன் தோத்துதுன்னு எந்த இங்கிலாந்துக்காரனைக் கேட்டாலும், "பாபி சார்ல்டனை கோச்சு ராம்சே வெளிய எடுத்தாரு, உடனே ஜெர்மனி பெக்கன்பாவருக்கு வழி கெடச்சு கோல் போட்டுட்டான்"னு சொல்லுவான். ஆனா பெக்கன்பாவர் கோல் போட்டப்ப சார்ல்டன் கிரவுண்டுலதான் இருந்தாரு. கோல் விழுந்ததுக்கு அப்பறம்தான் அவரை எடுத்தாங்க. ரெண்டு நிமிச வித்தியாசம், அதுக்கே கதை தலைகீழா நிக்குது. சார்ல்டனுக்கு இங்கிலாந்து சட்டையில அதுதான் கடைசி மேட்ச்சு, 106-வது.

அதே பெக்கன்பாவருக்கு மூணு நாள் கழிச்சு இத்தாலி கூட செமிஃபைனல்ல தோள்பட்டை எறங்கிப்போச்சு. ஜெர்மனி ரெண்டு பேரையும் மாத்தி முடிச்சிருந்துச்சு, வெளிய வர வழியில்ல. கையத் துணில கட்டி நெஞ்சோட சேத்துக்கிட்டு கடைசி வரைக்கும் ஆடுனாரு. ஜெர்மனி 4-3ன்னு தோத்துருச்சு, ஆனா அந்தக் கட்டுப்போட்ட கைப்படம்தான் அவரு வீரத்துக்கு அடையாளமா நின்னு போச்சு. ஒரு மாத்து மிச்சமிருந்திருந்தா அவரும் "அடிபட்டு வெளியேறினார்"னு ஒத்தை வரிதான்.

உங்க பையனுக்கு மாத்து ஆளு இல்லாம கெண்டைக்காலைப் புடிச்சுக்கிட்டு 90 நிமிசமும் நொண்டியிருந்தான்னு வெய்யுங்க. ஊரே தோள்ல தூக்கியிருக்கும்.

---

லைன்ஓரம் (கோபி) – திங்கள் காலை 9.32

நான் ரெஃப்ரி. பேச்சுவழக்கில் எழுத வராது, மன்னிக்கவும்.

விதி எப்படி மாறியது என்பதைப் பாருங்கள். முன்பு காயத்துக்கு மட்டும் ஒருவர், பிறகு இருவர், மூவர். 2020-இல் கொரோனா காரணமாகத் தற்காலிகமாக ஐவர் என்றார்கள். 2022 முதல் அது நிரந்தர விதியாகிவிட்டது. கோல்கீப்பரைத் தவிர்த்தால் பத்துப் பேரில் பாதிப் பேரை மாற்றலாம். இன்றைய பெரிய அணிகளில் விங்கில் ஆடுபவர் 65-வது நிமிடம் வெளியே வருவது, கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்து வருவது போலத்தான். திரும்பத் திரும்ப வேகமாக ஓடுபவர் அவர். களைத்த கால்களோடு நிற்கும் எதிரணித் தடுப்பாட்டக்காரரின் (பேக்) மேல் புதிய கால்களை ஏவுவதுதான் கணக்கு. சென்டர் பேக்கை அப்படி எளிதில் எடுக்க மாட்டார்கள், எடுத்தால் ஏதோ இருக்கிறது என்று பொருள். கோல்கீப்பரை எடுத்தால் நிச்சயம் ஏதோ இருக்கிறது.

விதி இவ்வளவு தூரம் வந்துவிட்டது, பார்க்கிற கண் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. "எடுத்துட்டாங்கன்னா ஆடலைன்னு அர்த்தம்."

இன்னொன்று. 2019 முதல் வெளியேறும் ஆட்டக்காரர் தனக்கு மிக அருகில் இருக்கும் எல்லைக் கோட்டின் வழியாகவே வெளியேற வேண்டும். நேரத்தை இழுக்காமலிருக்கத்தான் அந்த விதி. ஆனால் அதற்கு முன்பு மைதானத்தைக் குறுக்கே கடந்து, கேப்டனிடம் கைகுலுக்கி, ரசிகர்களுக்குக் கைதட்டிக்கொண்டே போனார்களே, அந்த நடை அவர்களுக்கு ஒரு மரியாதை கொடுத்தது. இப்போது எதிர்ப்பக்க கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் வெளியேறி, விளம்பரப் பலகை ஓரமாகத் தனியாக நடந்து வருகிறார்கள். பார்ப்பவர்களுக்கு அது தண்டனை போலத் தெரிகிறது.

---

தறிச்சத்தம் (குமாரபாளையம்) – திங்கள் மதியம் 1.50

மைக் பத்தி ஒருத்தரும் பேசலையே? நான் காலேஜ் டீம்ல லெஃப்ட் பேக். ஒரு டோர்னமெண்ட்ல ஒரு யெல்லோ கார்டு வாங்கியிருந்தேன். இன்னொண்ணு வாங்குனா ரெட்டு, பத்துப் பேராயிருவோம்னு எங்க மேடம் என்னை எடுத்தாங்க. மைக்ல இருந்த ஆளு, "களைப்படைந்த நமது சகோதரி ஓய்வெடுக்கச் செல்கிறார், ஒரு பலத்த கைதட்டல்"ங்கறாரு. எனக்கு மூச்சுகூட வாங்கல! கைதட்டல் விழுந்துச்சு, அதுதான் இன்னும் எரிச்சல். ஊட்டுக்கு வந்தா எங்க பெரியம்மா, "பொட்டப்புள்ள மேலுக்கு ஆகாதுன்னு அப்பவே சொன்னேன்"னு ஆரம்பிச்சுட்டாங்க. பையனை எடுத்தா ஆட்டம் சரியில்லம்பாங்க, எங்களை எடுத்தா ஒடம்பு சரியில்லம்பாங்க.

கிரவுண்டுல 300 பேரு இருந்தா 250 பேரு பாதி நேரம் ஃபோனைப் பாத்துட்டு, மாங்கா தின்னுட்டு இருக்காங்க. விசில் ஊதுனா நிமுந்து பாக்கறாங்க. அப்ப காதுல விழறது மைக்காரர் சொல்றது. அதுதான் அவங்களுக்கு அந்த ஆட்டக்காரர் ஜாதகம்.

---

சிறுவாணித்தண்ணி – திங்கள் மதியம் 2.05

அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. எங்க ஏரியா டோர்னமெண்ட்ல நம்பர் போர்டு கெடையாது, காலண்டர் அட்டைல மார்க்கர்ல எழுதித் தூக்குவாங்க. ஒருக்கா 7ஐ 1 மாதிரி எழுதித் தொலைச்சுட்டாங்க. ஒண்ணாம் நம்பர் சட்டை போட்ட கோல்கீப்பர் கிளவுஸைக் கழட்டிட்டு வெளிய நடக்க ஆரம்பிச்சுட்டாரு. மைக்ல உடனே "அதிர்ச்சித் திருப்பம்!" பாதி தூரம் வந்தவரைத் திருப்பி அனுப்புனாங்க. அதுக்கப்பறம் அவரு பந்தைப் புடிக்கறப்பவெல்லாம் "பரவால்ல, நல்லாத்தான் புடிக்கறான், எதுக்கு எடுக்கப் பாத்தாங்க?"ன்னு ஒரே கரிசனம். அந்த மேட்ச்சுல பெஸ்ட் பிளேயர் அவருக்குத்தான் குடுத்தாங்க 😂

---

ராத்திரிமேட்ச் – திங்கள் மாலை 6.40

கோல்கீப்பர்னதும் ஞாபகம் வருது. 2014 உலகக் கோப்பை, நெதர்லாந்து - கோஸ்டாரிகா. 120-வது நிமிசத்துல சில்லசனை எடுத்துட்டு டிம் க்ருலை எறக்குனாரு நெதர்லாந்து கோச்சு வான் கால், பெனால்டிக்குன்னே. க்ருல் ரெண்டு தடுத்தான், ஹீரோ. சில்லசனுக்கு முன்கூட்டியே சொல்லவே இல்ல, வெளிய வந்து பாட்டிலை எட்டி ஒதைச்சாரு. 120 நிமிசம் ஒரு கோல்கூட உடாம காத்தது அவரு. செமிஃபைனல்ல அர்ஜென்டினா கூட மறுபடியும் பெனால்டி. மாத்து தீந்துபோச்சு, சில்லசன்தான் நின்னாரு. ஒண்ணுகூட தடுக்க முடியல. "பாத்தியா, அதான் அன்னைக்கு மாத்துனாரு"ன்னு முத்திரை குத்திட்டாங்க.

---

பச்சைத்தேங்கா (பொள்ளாச்சி) – திங்கள் இரவு 8.12

எல்லாரும் ஒட்டுக்கா ஒரே பக்கம் பேசறீங்க, நான் மாத்தி சொல்றேன். ஜனங்க நெனைக்கறதுல தப்பென்னங்க? கோச்சு வாயத் தொறக்க மாட்டாரு. நம்பர் அட்டைல காரணம் எழுதியிருக்காது. பத்து மேட்ச்சுல எட்டு மேட்ச்சு ஆடாதவனைத்தான் எடுக்கறாங்க, அப்ப ஒம்பதாவதையும் அப்படித்தான் நெனைப்பாங்க. 2019ல டாட்டன்ஹாம் - ஒலிம்பியாகோஸ் மேட்ச்சுல, 2-0ன்னு பின்தங்கியிருந்தப்ப டாட்டன்ஹாம் கோச்சு மொரினியோ எரிக் டயரை 29-வது நிமிசத்துலயே எடுத்தாரு. 4-2ன்னு ஜெயிச்சாங்க. ஜெயிச்சப்பறமும் அந்த ஆளு சும்மா இருக்கல. டயர் தப்பு ஒண்ணுமில்ல, ஆட்டத்துக்கு அப்ப அது தேவைப்பட்டுச்சுன்னு வெளிப்படையாச் சொல்லி, அவன்கிட்ட மன்னிப்பும் கேட்டாரு. நொய்யலோரம் அண்ணன் மைக்க வாங்கி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? "பையனுக்குக் கெண்டைக்கால் புடிச்சிருச்சுங்க"ன்னா போச்சு. நைட் ஷிஃப்ட்டை எதுக்கு இழுக்கணும்?

---

நொய்யலோரம் – திங்கள் இரவு 8.55

பொள்ளாச்சித் தம்பி கேக்கறது நாயந்தான். அந்த நேரத்துல தோணல. வேற ஆளை எங்க நிறுத்தறது, லெஃப்ட்ல இருக்கறவனை ரைட்டுக்கு நகத்தறதா வேண்டாமான்னே மண்டைல ஓடிட்டு இருந்துச்சு. அவன் நடந்து வர்றப்ப அவன் மூஞ்சியக்கூட நான் பாக்கல. முதுகுல ஒரு தட்டு தட்டியிருந்தாக்கூட பாக்கறவங்களுக்கு வேற மாதிரி தெரிஞ்சிருக்கும். கிரவுண்டைப் பாத்துட்டே தண்ணி பாட்டிலை நீட்டுனேன். "கோச்சுக்குக் கோவம், மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு"ன்னு அதையும் பேசிட்டாங்க.

---

பழையபந்து – செவ்வாய் காலை 6.05

ராத்திரி படுத்துட்டு யோசிச்சேன். நம்ம ஊர்ல இது இவ்வளவு உறுத்தறதுக்கு கிரிக்கெட்டும் ஒரு காரணமுங்க. சின்னதுலருந்து நம்ம கண்ணு பழகுனது கிரிக்கெட்டுக்கு. அதுல ஆட்டம் நடக்கறப்ப ஒருத்தன் தலையக் குனிஞ்சுட்டு வெளிய நடந்தா அவன் அவுட்டு, ஏதோ தப்புப் பண்ணிட்டான். அதே கண்ணோடதான் ஃபுட்பாலையும் பாக்கறோம். கபடிலயாவது வெளிய போனவன், கூட்டாளி ஆளைத் தொட்டா திரும்ப உள்ள வந்துருவான். ஃபுட்பால்ல போனது போனதுதான். அதனால அந்த நடை பாக்கறவனுக்கு அவுட்டாவே தெரியுது.

உள்ள வர்றவனுக்கு நேர் எதிர். 1990 உலகக் கோப்பைல கேமரூன் ராஜர் மில்லா, 38 வயசு. எல்லா மேட்ச்சுலயும் பெஞ்சுலருந்துதான் வந்தாரு. ருமேனியா கூட ரெண்டு, கொலம்பியா கூட ரெண்டு கோல், கொடிக்கம்பத்துக்கிட்ட இடுப்பை ஆட்டுவாரே! டிவி இருந்த ஊட்டுத் திண்ணைல பாத்தது. அவருக்கு எடம் உட்டு வெளிய வந்தவங்க பேரு ஒண்ணு எனக்கு ஞாபகமில்ல. முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஓடி எதிராளி காலை அசதியாக்குனவங்க அவங்க.

---

தறிச்சத்தம் – செவ்வாய் மதியம் 1.35

உள்ள வர்றவங்களுக்கு எப்பவும் நல்ல பேருன்னு சொல்ல முடியாதுங்க ஐயா. யூரோ ஃபைனல், 2021 ஜூலை, இங்கிலாந்து - இத்தாலி. இங்கிலாந்து ராஷ்ஃபோர்டையும் சான்ச்சோவையும் 120-வது நிமிசம் பெனால்டிக்குன்னே எறக்குனாங்க. ஓடிச் சூடேறாத காலு. ரெண்டு பேரும் தவறவிட்டாங்க, முன்னாடியே மாத்தா வந்திருந்த சாக்காவும் தவறவிட்டான். யாரு அடிக்கறதுன்னு முடிவு பண்ணுனது நாந்தான்னு கோச்சு சவுத்கேட் சொல்லியும் கேக்கல. அந்த மூணு கறுப்புப் பசங்களுக்கு நெட்ல விழுந்த நிறவெறி வசவு கொஞ்சநஞ்சமில்ல.

---

கடைசிபஸ் (தாராபுரம்) – செவ்வாய் இரவு 9.20

நான் எங்க டீம்ல நிரந்தரப் பெஞ்சு. பெஞ்சுன்னா பெஞ்சு இல்லீங்க, வேப்பமரத்தடில சைக்கிள் ஸ்டேண்ட் போட்டு உக்காருவோம். கோச்சு "வார்ம் அப் பண்ணு"ம்பாரு. கோட்டோரமா இருபது நிமிசம் ஓடுவேன். எங்கூரு பசங்க "டேய், எறங்கறான் டா"ன்னு சத்தம் போடுவாங்க. கடைசில எறக்க மாட்டாரு. எறக்காததுக்கும் ஒரு பேரு உண்டு: "ஓரமா ஓடறவன்." அம்பத்தெட்டுங்கறது எவ்வளவோ மேல்னு அந்தப் பையன்கிட்டச் சொல்லுங்க.

---

நொய்யலோரம் – ஞாயிறு இரவு 9.48

ஒரு வாரமாச்சு. இன்னைக்கு ஒரு நட்பு மேட்ச்சு இருந்துச்சு, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

பையனுக்கு மறுபடியும் சனிக்கிழமை நைட்டு வேலை. அதனால முதல்ல உக்கார வெச்சேன், மரத்தடில ஒரு மணி நேரம் நல்லா தூங்கியும் எந்திரிச்சான். 63-வது நிமிசம் எறக்குனேன். இந்த வாட்டி முன்னாடியே மைக்காரர்கிட்டப் போயி, "அண்ணா, வெளிய வர்ற பையன் நல்லா ஆடியிருக்கான், அப்படியே சொல்லுங்க"ன்னு சொல்லி வெச்சேன். அவரும் "சிறப்பாக ஆடிய பதினோராம் எண் வீரருக்கு நன்றி"ன்னாரு. கைதட்டுனாங்க. பதினோராம் நம்பர் பையன் எதுக்குக் கைதட்டறாங்கன்னே தெரியாம முழிச்சான்.

நம்ம பையன் வந்த பத்தாவது நிமிசம் ஓரமா இழுத்துட்டுப் போயி பந்தைப் பின்னால தள்ளி ஒரு கட் பேக் குடுத்தான், கோல். 2-1ன்னு ஜெயிச்சோம். பொழுதோட பேக்கரிப் பக்கம் போனா, "சூப்பர் சப்பு, சூப்பர் சப்பு"ன்னு (மாத்தா எறங்கி ஆட்டத்தையே மாத்தறவன்னு அர்த்தம்) அதே வாய்ங்க. தேங்கா பன்னு ஓசில வேற குடுத்திருக்காங்க.

நான் சந்தோசப்பட்டுட்டு இருந்தேன். பையன் வண்டில பின்னாடி உக்காந்துட்டு வர்றப்ப சொல்றான்: "போன தடவை 58 நிமிசம் ஓடுனேன், இன்னைக்கு 27 நிமிசம். அன்னைக்கும் ஒரு கோலுக்கு பந்து குடுத்தேன், இன்னைக்கும் ஒண்ணு. அண்ணா, அடுத்த மேட்ச்சுக்கு என்னை மொதல்லருந்தே எறக்குங்க. சூப்பர் சப்புன்னு பேரு வந்துட்டா அப்பறம் மரத்தடிலயே உக்கார வெச்சிருவீங்க."

---

கடைசிபஸ் – ஞாயிறு இரவு 9.55

பையன் வெவரமானவன். தேங்கா பன்னை மட்டும் உட்றாதீங்கன்னு சொல்லுங்க.

---

பச்சைத்தேங்கா – ஞாயிறு இரவு 10.10

அப்ப அடுத்த மேட்ச்சுக்கு என்ன முடிவுங்கண்ணா?

---

நொய்யலோரம் – ஞாயிறு இரவு 10.31

ஷிப்மென்ட் புதன்கிழமை முடிஞ்சிரும்னு சொல்றான். முடிஞ்சா மொதல்லருந்து. முடியலைன்னா அவங்கம்மாகிட்ட நானே போயி பேசறதா இருக்கேன். என்ன சொல்றதுன்னுதான் தெரியல.